பாட்னாப் பாலம் தொய்ந்த கதை

ஐந்தரைக் கிலோமீட்டர் நீளப் பாலத்தின் மேல்தளம் முழுவதையும் அறுத்து இறக்கிவிட்டு, அதே தூண்களின் மேல் வேறொரு பாலத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் பீகாரில். 1982 மே மாதம் இந்திரா காந்தி திறந்துவைத்த மகாத்மா காந்தி சேது அது. கங்கையின் தென்கரையில் பாட்னா, வடகரையில் ஹாஜிப்பூர், இடையே 5,575 மீட்டர். 2017இல் அசாமில் பூபேன் ஹசாரிகா பாலம் வரும்வரை நாட்டின் மிக நீளமான ஆற்றுப்பாலம் இதுதான்.

இந்தப் பாலம் வருமுன் பாட்னாக்காரர்கள் மகேந்துரு படித்துறையில் ஸ்டீமர் ஏறி, அக்கரையில் பலேஜா படித்துறையில் இறங்குவார்கள். பாலத்தில்தான் போக வேண்டும் என்றால் கிழக்கே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி, மொகாமாவில் 1959இல் கட்டிய ராஜேந்திர சேதுவரை போகவேண்டும். அதனால் காந்தி சேது திறந்ததும் வட பீகாரே அதன் மேல் ஏறிக்கொண்டது. போக்குவரத்து நெரிசலுக்கும் அது பேர்போனது.

பிறகு பாலம் தொய்ந்தது. ஏன் என்று கேட்டால், அளவுக்கு மீறி மணல் ஏற்றிய லாரிகளையும் பராமரிப்பில் காட்டிய மெத்தனத்தையும் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் பெரும்பங்கு கான்கிரீட்டின் குணத்துக்கும், அன்று தேர்ந்தெடுத்த வடிவத்துக்கும் உரியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வடிவத்தை முதலில் பார்ப்போம். நடுவில் 121 மீட்டர் அகலத்தில் 45 கண்கள், இரு முனைகளிலும் 63.5 மீட்டரில் ஒவ்வொன்று. ஒவ்வொரு தூணிலிருந்தும் இரண்டு பக்கமும் அறுபது மீட்டருக்குக் கான்கிரீட் பெட்டி உத்திரம் கைபோல நீளும். அடுத்த தூணின் கை எதிரே வந்து நிற்கும். இரண்டு கைகளும் சேரும் நடு இடத்தில் ஒரு கீல். பொறியாளர்கள் இதை விரும்பியதற்குக் காரணம் உண்டு. வெள்ளம் புரளும் ஆற்றில் சாரம் கட்டாமல், தூணிலிருந்து துண்டு துண்டாக உத்திரத்தை வளர்த்துக்கொண்டே போகலாம். வெயிலில் பாலம் நீண்டால் கீல் இடங்கொடுக்கும். ஒரு தூண் சற்றே அமிழ்ந்தாலும் பக்கத்துத் தூணை இழுக்காது. கணக்குப் போடுவதும் எளிது. கணிப்பொறி அரிதாயிருந்த காலத்தில் அது சின்ன விஷயமல்ல.

இப்போது பொருளின் குணம். கான்கிரீட் நசுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். நீட்டிய கையின் மேற்புறம் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அதற்காக உள்ளே எஃகு வடங்களைச் செருகி, ஜாக்கி வைத்து இழுத்து, முனைகளில் இறுக்கிப் பூட்டிவிடுவார்கள். வடத்தின் இறுக்கம் கான்கிரீட்டை முன்கூட்டியே அழுத்தி வைக்கும். பிரிஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் என்பது இதுதான். ஆனால் பாரம் சுமந்து நிற்கும் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கிக் குறுகும். இதை ஊர்வு என்பார்கள். அது குறுகினால் வடம் தளரும். வடம் தளர்ந்தால் கையின் நுனி தாழும். எஃகுக்கும் தானாகவே கொஞ்சம் தளரும் இயல்பு உண்டு, ஈரம் புகுந்தால் துருவும் சேரும்.

தொடர் உத்திரமாக இருந்தால் இந்தத் தொய்வு நீளமெங்கும் பரவிவிடும். கீல் வைத்த பாலத்தில் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து குவிகிறது. சாலை அங்கே முறிந்தாற்போல் பள்ளமாகும். லாரி தடாலென்று இறங்கி ஏறும். அந்த அடியில் கீல் தேயும், தேய்ந்த கீல் அடுத்த லாரியின் அடியை இன்னும் பலமாக வாங்கும். வெளியிலிருந்து புதிதாக வடம் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். நிலையான தீர்வு கிடைக்கவில்லை.

லாரிகளை மட்டும் குறைசொல்ல முடியாது என்பதற்குப் பசிபிக் கடலில் ஒரு சாட்சி இருக்கிறது. பலாவ் என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டில் 1977இல் இதே பாணியில், நடுவே கீல் வைத்து, 241 மீட்டர் கண்ணுடன் ஒரு பாலம் கட்டினார்கள். அதன் நடுப்பகுதி ஒரு மீட்டருக்கும் மேல் தொய்ந்தது. 1996இல் கீலை நீக்கி, புதிய வடங்களால் இறுக்கினார்கள். பழுதுபார்த்து முடித்த சில மாதங்களில், செப்டம்பர் 26 அன்று, பாலம் இடிந்து விழுந்தது. அந்தத் தொய்வின் விவரங்கள் 2008வரை வெளியே வரவில்லை. வந்ததும் அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டெனெக் பஜாந்தின் குழு அலசிப் பார்த்தது. அன்றைய விதிநூல்கள் சொன்ன தொய்வு உண்மையில் நடந்ததைவிட மிகக் குறைவு. சில ஆண்டுகளில் நின்றுவிடும் என்று பலர் நம்பிய ஊர்வு நிற்பதே இல்லை. முதல் ஆண்டு முதல் பத்தாம் ஆண்டுவரை எவ்வளவு தொய்யுமோ, ஏறக்குறைய அதே அளவு பத்திலிருந்து நூறாம் ஆண்டுவரையும் தொய்யும். உலகெங்கும் பல டஜன் பாலங்களில் இதே நோய் இருப்பதையும் அந்தக் குழு எடுத்துக்காட்டியது. காந்தி சேதுவை வரைந்தவர்களின் கையில் இந்தக் கணக்கு இல்லை.

மேல்தளம் நொந்தாலும் கால்கள் உறுதியாகவே இருந்தன. பாட்னாவில் தோண்டத் தோண்ட வண்டல்தான், பாறை எட்டாது. நம் ஊரில் உறைகிணறு இறக்குவதுபோல, கான்கிரீட் கிணற்றை ஆற்று மணலில் நிறுத்துவார்கள், உள்ளே மண்ணை அள்ள அள்ளத் தன் எடையாலேயே அது இறங்கும். வெள்ளம் அரிக்கும் ஆழத்துக்கும் கீழே கொண்டுபோய் நிறுத்திவிட்டால் அதுதான் அஸ்திவாரம். கிணறுகளையும் தூண்களையும் வைத்துக்கொண்டு, மேலே எஃகு போடலாம் என்று முடிவானது. முக்கோணங்களாகக் கோத்த எஃகுச் சட்டகம் பழைய கான்கிரீட் பெட்டியைவிட எடை குறைவு என்பதால் பழைய அஸ்திவாரமே அதைத் தாங்கும். பாலத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வண்டிகள் ஓட மறுபாதியை அறுத்தார்கள். மேற்குப் பாதி 2020 ஜூலையிலும் கிழக்குப் பாதி 2022 ஜூனிலும் திறந்தன. செலவு 1,742 கோடி ரூபாய். மொத்தப் பாலத்தையும் முதலில் கட்டி முடிக்க ஆனது சுமார் 87 கோடி.

எஃகு கான்கிரீட்டைப்போல ஊர்ந்து தொய்யாது. ஆனால் துருப்பிடிக்கும், லாரிகளின் ஓயாத அதிர்வில் இணைப்புகளில் களைப்பு விரிசல் விடும். 66,000 டன்னுக்கு மேற்பட்ட எஃகுக்கு முறைவைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டும், லட்சக்கணக்கான போல்ட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். சட்டகம் கண்ணெதிரே திறந்து நிற்பதால் எங்கே பழுது என்று ஏறிப் பார்த்துவிடலாம். கான்கிரீட்டுக்குள் புதைந்த வடத்தில் அந்த வசதி இருந்ததில்லை.