பெயர் மட்டும் தெரிந்த வகுப்பறை

கொரோனா பரவலையொட்டி 2020 மார்ச் 17 முதல் தமிழகக் கல்லூரிகள் மூடப்பட்டு, மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தபோது, பிளவக்கல் அணைப் பக்கத்துக் கூமாப்பட்டி, வத்திராயிருப்பு போன்ற மலையடிவார ஊர்களிலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் பேருந்தேறிப் படிக்கச் சென்ற மாணவர்களுக்குக் கல்லூரி முழுவதும் கைப்பேசித் திரைக்குள் அடங்கிப்போயிற்று.

அத்திரையில் அவர்கள் எந்த அளவுக்குக் கற்றலில் ஈடுபட்டனர் என்பதை வருகைப் பதிவைக் கொண்டு அறிய இயலாது. கல்வி ஈடுபாட்டை ஆராய்ந்த ஜெனிபர் ஃபிரெட்ரிக்ஸ் முதலியோர் 2004-இல் அதனை மூன்றாகப் பகுத்தனர்: வகுப்புக்கு வருதல், பயிற்சிகளைச் செய்தல் போன்ற செயல்வழி ஈடுபாடு, பாடத்தின்மீதும் ஆசிரியர்மீதும் கொள்ளும் பற்றாகிய உணர்வுவழி ஈடுபாடு, கடினமான ஒன்றைப் புரிந்துகொள்ள மனம் எடுக்கும் முயற்சியாகிய அறிவுவழி ஈடுபாடு. கூகுள் மீட் வகுப்பில் ஆசிரியருக்குத் தெரிந்தது முதலாவதன் ஒரு துளியே, அதாவது உள்நுழைந்தவரின் பெயர் மட்டுமே. கேமராவை அணைத்துவைத்ததைச் சோம்பல் என்று கொள்வது நியாயமாகாது. ஒரே கைப்பேசியை உடன்பிறந்தோருடன் பகிர்ந்துகொண்டு, ஒற்றை அறை வீட்டில் அமர்ந்து, தீர்ந்துகொண்டிருக்கும் டேட்டாவைக் கணக்கிட்டுப் பாடம் கேட்பவர் வேறென்ன செய்ய முடியும்?

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாள்தோறும் 2 ஜிபி டேட்டா இலவசமாக வழங்கப்படும் எனத் தமிழக அரசு அறிவித்தது. தேவையான உதவிதான், எனினும் அது வாயிலைத் திறந்ததேயன்றிப் பாடத்தை மாற்றவில்லை.

தொலைவிலிருந்து கற்பது இப்பகுதிக்குப் புதிதன்று. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. ஆனால் அங்கே மாணவர் தாமே விரும்பிச் சேர்ந்தார். தனியே அமர்ந்து படிப்பவருக்கென்றே பாடநூல் எழுதப்பட்டது. 2020-இல் நடந்ததோ, கரும்பலகை முன் நிகழ்த்தப்பட வேண்டிய விரிவுரையைத் திரைக்கு அப்படியே பெயர்த்து வைத்தது; இதனை ‘அவசரகாலத் தொலைக் கற்பித்தல்’ என ஆய்வாளர்கள் பிரித்துச் சுட்டியது அதனால்தான்.

மைக்கேல் மூர் என்னும் தொலைக்கல்வி அறிஞர் 1989-இல், மாணவர் பாடத்தோடும் ஆசிரியரோடும் சக மாணவரோடும் கொள்ளும் மூவகை ஊடாட்டங்களைப் பற்றி எழுதினார். பெருந்தொற்றில் பெரிதும் அறுந்தது மூன்றாவது இழை. பேருந்திலும் விடுதியிலும் நூலகப் படிக்கட்டிலும் ஒருவர் மற்றவருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் விளங்காத கணக்கு விளங்குகிறது. வாட்ஸ்அப் குழுக்கள் அதில் சிறு பகுதியையே ஈடுசெய்தன.

தேர்வும் இணையத்துக்கு மாறியது. அண்ணா பல்கலைக்கழகம் 2020 செப்டம்பரில் இறுதியாண்டு மாணவர்களுக்கு இணையவழியில் தேர்வு நடத்தியது. பின்னர், வீட்டிலிருந்தே விடையெழுதி அனுப்பும் முறையும் வந்தது. நேரடி வகுப்புகள் மீண்டும் தொடங்கிய பின் 2021 நவம்பரில் மதுரை உள்ளிட்ட ஊர்களில் மாணவர்கள் இணையவழித் தேர்வு கேட்டுப் போராடியதைப் பலர் பொறுப்பின்மை என்று பழித்தனர். பருவத்தின் பெரும்பகுதியைத் திரைவழியே கற்றவர்கள், கற்ற வழியிலேயே தேர்வையும் கேட்டனர் என்பதே அதனினும் பொருந்தும் விளக்கம்.