குதிரை வால், ஆட்டுக் கொம்பு, சிங்கவால்

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய மண்ஜாடி இருக்கிறது. ஏதென்ஸ் நகரத்துக் குயவர் கி.மு. 570 வாக்கில் வனைந்தது. பெயர் பிரான்சுவா ஜாடி. 1900இல் அந்த அருங்காட்சியகக் காவலாளி ஒருவர் கோபத்தில் முக்காலியைத் தூக்கி எறிய, ஜாடி 638 துண்டுகளாகச் சிதறியது. பிறகு யாரோ பொறுமைசாலிகள் உட்கார்ந்து ஒட்டினார்கள்.

அந்த ஜாடியில் ஓர் ஊர்வலம் வரைந்திருக்கிறது. முன்னால் திராட்சை மதுவின் கடவுள் டயோனிசஸ். அடுத்து, கோவேறு கழுதைமேல் கொல்லர்களின் கடவுள் ஹெஃபைஸ்டஸ். அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு, "வீட்டுக்கு வரவே மாட்டேன்" என்று முரண்டு பிடித்தவர் அவர். மது ஊற்றி மயக்கிக் கூட்டி வருகிறார் டயோனிசஸ். பின்னால் வருகிறவர்கள்தான் நமக்கு வேண்டியவர்கள். இடுப்புக்கு மேலே தாடிக்கார மனிதர்கள்; கீழே குதிரைக் கால், குதிரை வால். ஒருவன் முதுகில் மது நிறைந்த தோல்பை. இன்னொருவன் இரட்டைக் குழல் ஊதுகிறான். பக்கத்திலேயே 'சைலீனோய்' என்று கிரேக்க எழுத்தில் எழுதியிருக்கிறது.

காட்டில் வாழ்ந்து, குடித்து, ஆடிப்பாடித் திரிகிற இந்தக் கூட்டத்துக்குச் 'சாட்டிர்' என்றும் பெயர். கூட்டத்தில் மூத்தவர் சைலீனஸ்: வழுக்கைத் தலை, சப்பை மூக்கு, தொந்தி, தாடி. டயோனிசஸைச் சிறுவயதில் வளர்த்தவர் இவர்தான் என்பார்கள். போதை ஏறினால் நடக்க முடியாது, கழுதைமேல்தான் சவாரி.

"சாட்டிருக்கு ஆட்டுக்கால் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நார்னியா கதையில் வரும் டம்னஸைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆட்டுக்காலும் கொம்பும் பிறகு வந்தவை. பான் என்ற ஆட்டுக்கால் தெய்வத்தோடும், ரோமானியர்களின் காட்டுத் தெய்வம் ஃபானஸோடும் சாட்டிரைக் கலந்துவிட்டார்கள். குதிரை போய் ஆடு வந்தது இப்படித்தான்.

இது புராணம், இதில் அறிவியல் எங்கே? உயிரினங்களுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைத்தாரே, ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், அவரிடம் இருக்கிறது. 1758இல் அவர் வெளியிட்ட நூல் பதிப்பில் ஆயிரக்கணக்கான விலங்குகள் உண்டு. அத்தனைக்கும் பெயருக்கு எங்கே போவது? கிரேக்கப் புராணத்துக்குள் கையை விட்டு அள்ளினார்.

வால்பாறைப் பக்கம் போனவர்கள் சோலைமந்தியைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரிமயிர், நுனியில் குஞ்சம் வைத்த வால். அந்த வாலால்தான் சிங்கவால் குரங்கு என்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழவில்லை. இந்தியாவுக்கு வந்தே இராத லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் 'சைலீனஸ்'! இன்றைக்கும் அறிவியல் பெயர் மக்காக்கா சைலீனஸ்தான். காரணம் அந்தத் தாடி என்பது என் ஊகம். மற்றபடி கூச்ச சுபாவம் கொண்ட இந்தக் குரங்கு, வெடிப்பலா மரத்தில் உட்கார்ந்து கன்னப்பையில் தீனியை அடைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு இருக்கிறது. தொந்திக் கிழவருக்கும் அதற்கும் என்ன உறவு? எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது.

இமயமலையில் சிவப்பு நிறத்தில் ஒரு கோழியினப் பறவை இருக்கிறது. உடம்பெல்லாம் வெள்ளைப் பொட்டு. அதன் பெயர் டிராகோபான் சட்டைரா. இந்தப் பெயர் பொருந்துகிறது. பெட்டையைக் கவரச் சேவல் ஆடும்போது அதன் தலையில் இரண்டு நீலக் கொம்புகள் எழுந்து நிற்கும். எலும்பு அல்ல, வெறும் சதை. மற்ற நேரத்தில் இறகுக்குள் மடங்கிக் கிடக்கும். லின்னேயஸ் இதை வான்கோழி இனத்தில் சேர்த்திருந்தார். பின்னால் வந்தவர்கள் பிரித்து, 'ஆடு' என்பதற்கான கிரேக்கச் சொல்லோடு பான் தெய்வத்தின் பெயரையும் ஒட்டி 'டிராகோபான்' என்றார்கள். சிம்பன்சியின் இனப்பெயரும் பான்தான்.

பட்டாம்பூச்சிகளிலும் சாட்டிர்கள் உண்டு. பழுப்புச் சிறகும் அதில் கண் போன்ற வட்டங்களும் கொண்ட ஒரு பெரிய கூட்டத்துக்கு 'சட்டைரினே' என்று பெயர். அது அடங்கிய குடும்பம் நிம்ஃபாலிடே. நிம்ஃப் என்றால் கிரேக்க வனதேவதை. ஜாடிகளில் சாட்டிர்கள் துரத்திக்கொண்டே ஓடுவது இந்தத் தேவதைகளைத்தான். அறிவியல் இருவரையும் ஒரே குடும்பமாக்கிவிட்டது.

இதில் மெலானிட்டிஸ் லீடா என்ற பூச்சி நம் ஊர்த் தோட்டங்களிலேயே இருக்கிறது. புல்லிலும் நெற்பயிரிலும் வளரும் அதன் பச்சைப் புழுவின் தலையைப் பாருங்கள், இரண்டு கொம்பு! பகலில் சருகோடு சருகாக உட்கார்ந்திருக்கும். கோடையில் கண் வட்டங்கள்கூட மங்கி, காய்ந்த இலையேதான். பொழுது சாய்ந்ததும் கிளம்பி, அழுகிய பழத்தைத் தேடிப் போகும். விழுந்து கிடக்கும் பழத்தில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. சுண்ணாம்பு தடவாத பானையில் பதநீர் கள்ளாவதும் இதே வேலைதான். பலாப்பழம் ஒன்று மரத்தடியில் வெடித்துக் கிடந்தால், அந்தி நேரத்தில் மெல்லப் போய்ப் பாருங்கள். புளித்த சாற்றில் உறிஞ்சுகுழலை நீட்டிக்கொண்டு ஒரு சாட்டிர் உட்கார்ந்திருக்கலாம்.