மேற்கு ஜன்னலுக்கு எந்தக் கண்ணாடி?

சென்னையில் வீடு கட்டுகிறவர்கள் ஜன்னல் கண்ணாடி பற்றி யோசிப்பது பெரும்பாலும் கடைசியில்தான். கையில் இருந்த பணம் கரைந்திருக்கும் அந்த நேரத்தில், வெயிலுக்கு டபுள் கிளாஸ்தான் சரி என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றையோ ஆர்கான் வாயுவையோ அடைத்த இந்த ஏற்பாடு குளிர்நாடுகளில் வளர்ந்தது. வெளியே மைனஸ் 5 டிகிரி, வீட்டுக்குள் 20 டிகிரி என்றால் 25 டிகிரி வித்தியாசம்; உள்ளிருக்கும் சூடு வெளியேறாமல் காப்பதுதான் அங்கே கவலை. சென்னையின் மே மாதத்தில் வெளியே 38, ஏசி அறையில் 26 என்று வைத்தால் வித்தியாசம் 12 டிகிரிதான். நம் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

கணக்குப் போட்டால் தெரியும். ஒரு சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 5.7 வாட் வெப்பத்தைக் கடத்தும். 12 டிகிரிக்கு 70 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. டபுள் கிளாஸ் இதைப் பாதியாக்கும். ஆனால் சாயங்கால வெயில் மேற்கு ஜன்னலில் சதுர மீட்டருக்கு 500 வாட் விழுகிறது என்று கொண்டால், அதில் 80 சதவீதத்துக்கு மேல், அதாவது 400 வாட்டுக்கும் அதிகமாக, சாதாரணக் கண்ணாடி வழியே உள்ளே வந்துவிடும். பூச்சு இல்லாத டபுள் கிளாஸும் சுமார் 70 சதவீதத்தை அனுமதிக்கும். வெயிலில் எவ்வளவு பங்கு உள்ளே வருகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு எஸ்.எச்.ஜி.சி. என்று பெயர். அது 0.4 ஆக உள்ள, வெயில் தடுப்புப் பூச்சு கொண்ட ஒற்றைக் கண்ணாடி 200 வாட்டோடு நிறுத்திவிடும். ஆக, கடையில் முதலில் கேட்க வேண்டியது இந்த எண்ணை. எத்தனை அடுக்கு என்பது அதற்குப் பிறகுதான்.

பூச்சுக் கண்ணாடி விலை அதிகமாயிற்றே என்பது நியாயமான கேள்வி. வீடு முழுக்கப் போட வேண்டியதில்லை என்பதே பதில். தெற்குச் சுவரில் உச்சிவெயிலை இரண்டடி சன்ஷேடே பெருமளவு தடுத்துவிடும். மேற்கில் சூரியன் சாய்ந்து வருவதால் சன்ஷேடின் நிழல் ஜன்னலை எட்டாது. காலையில் கிழக்கிலும் இதே கதை என்றாலும் சுவர்கள் அப்போது சூடேறியிருப்பதில்லை. எனவே செலவு மேற்குக்கு. திரைச்சீலை போதாதா என்றால், போதாது: கண்ணாடியைத் தாண்டிய வெயில் துணியைச் சூடாக்கும், அந்தச் சூட்டுக்கு மீண்டும் வெளியேற வழி குறைவு. ஜன்னலுக்கு வெளியே தொங்கும் மூங்கில் தட்டி எவ்வளவோ மேல். கறுப்பு டிண்ட் கண்ணாடி வெயிலை உறிஞ்சித் தானே கொதிப்பதோடு, பட்டப்பகலில் விளக்குப் போடவும் வைக்கும். பணத்தைக் கொடுத்து இருட்டை வாங்குவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

வாகன இரைச்சலுக்கு டபுள் கிளாஸ் உதவும் என்பது உண்மை. ஆனால் இரண்டு கண்ணாடிகளைப் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியும் அந்த வேலையைச் செய்யும்; உடைந்தால் சில்லுகள் ஏட்டிலேயே தங்கும், புற ஊதாக் கதிரையும் ஏறக்குறைய முழுதாகத் தடுக்கும். டஃபன்டு கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலு உள்ளது, உடைந்தால் மழுங்கிய சிறு துண்டுகளாகும். ஆனால் மாடியிலிருந்து அந்தத் துண்டுகள் கீழே நிற்பவர் மேல் கொட்டும் என்பதால், உயரத்துக்கு லேமினேட்டடே ஏற்றது. டஃபன் செய்தபின் வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவைச் சட்டகம் பொருத்தியபின் எடுப்பது நல்லது.

இத்தனைக்கும் நம் ஜன்னல்கள் பாதிநாள் திறந்தே கிடக்குமே என்று ஒருவர் கேட்கலாம். இது வலுவான ஆட்சேபம். ஏசி இல்லாத வீட்டுக்குக் கண்ணாடியைவிடத் திறப்புதான் முக்கியம். வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018, சென்னை போன்ற வெப்ப ஈரப்பதப் பகுதிகளில் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. 600 சதுர அடி வீட்டுக்கு இது 100 சதுர அடி, பால்கனிக் கதவு உட்பட. இரண்டு பலகை ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும். அதை மட்டுமே நம்பினால் 200 சதுர அடி ஜன்னல் வைக்க வேண்டும், அத்தனைக்கும் வெயில் தடுப்புக் கண்ணாடியும் தேட வேண்டும். கீல் வைத்து வெளிப்பக்கம் திறக்கும் பழைய மாதிரி ஜன்னலுக்கு அதில் பாதிப் பரப்பே போதும்.