காணிகளுக்குக் காணி உரிமை

தாமிரபரணியின் பெருமையைப் பேசாத திருநெல்வேலிக்காரர் இல்லை. அதன் தண்ணீரின் சுவையைப் புகழ்கிறோம். அதன் கரையிலுள்ள கோயில்களை எண்ணி மகிழ்கிறோம். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரையில் 8 அணைக்கட்டுகளால் ஏறத்தாழ 86,000 ஏக்கர் பாசனம் பெறுவதையும், காரும் பிசானமுமாக இரு போகம் விளைவதையும் வெளியூராரிடம் சொல்லிப் பூரிக்கிறோம். ஆனால் அந்த நதி பிறக்கும் மலையிலே மனிதரும் வாழ்கிறார்கள் என்பதையும், அவர்களும் நம்மைப் போல் மண்ணை நம்பிப் பிழைக்கும் விவசாயிகளே என்பதையும் நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

பொதிகை மலைச்சாரலில், பாபநாசத்துக்கு மேலே, காணிகள் என்னும் பழங்குடி மக்கள் வசிக்கிறார்கள். அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி ஆகியவை அவர்களுடைய ஊர்கள். திருவாங்கூர் மலைகளிலும் கன்னியாகுமரி ஜில்லாவிலும் இவர்களுடைய உறவினர் உண்டு. மலைக்கு அப்பாலும் இப்பாலும் வாழ்வதால் இவர்களுடைய பேச்சிலே தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். சர்க்காரின் பழங்குடிப் பட்டியல் இவர்களை அம்பாசமுத்திரம், செங்கோட்டை தாலுகாக்களின் பெயரைச் சொல்லியே குறிப்பிடுகிறது.

காணி என்ற சொல்லின் பொருளை வாசகர்கள் அறிவார்கள். வழிவழியாக அனுபவித்துவரும் நில உரிமைக்குத் தமிழில் காணி என்று பெயர். காணியாட்சி என்பது நம் கிராமங்களின் பழைய வழக்கு. அந்தப் பெயரையே குலப்பெயராகத் தாங்கிய மக்கள், தாங்கள் பயிரிடும் துண்டு நிலத்தை எமது என்று சொல்லுவதற்குச் சட்டத்தின் வாயிலில் காத்து நிற்க நேர்ந்தது. இதைக் காட்டிலும் கசப்பான வேடிக்கை வேறென்ன?

ஊரும் வழியும்

இவ்வூர்களில் மிகவும் எட்டாக்கையில் உள்ளது இஞ்சிக்குழி. பாபநாசத்துச் சோதனைச்சாவடியைக் கடந்து முண்டந்துறை வழியாகக் காரையாறு வரையில் வண்டி போகும். அங்கே 1940-களில் எழுந்த 143 அடி உயரமுள்ள மேலணையின் நீர்த்தேக்கம் குறுக்கே கிடக்கிறது. நீர் நிறைந்த காலத்தில் படகு வேண்டும். அப்பால் பாணதீர்த்தத்தையும் தாண்டிக் காட்டுவழியே நடக்க வேண்டும். யானையும் கரடியும் நடமாடும் வழி அது. மேலணை அஞ்சலகத்தின் ஊழியர் ஒருவர், அவ்வூர் மூதாட்டி ஒருவருக்குரிய உதவித்தொகையைக் கொடுப்பதற்காக இந்த வழியெல்லாம் சென்று வந்த செய்தி சில ஆண்டுகளுக்கு முன் பத்திரிகைகளில் வெளிவந்தது. அந்த ஊழியரின் கடமையுணர்ச்சியைப் பலரும் பாராட்டினார்கள். பாராட்டத்தக்கதே. ஆனால் ஒரு மூதாட்டியின் உதவித்தொகை ஒரு தனிமனிதரின் கால்வலிமையைப் பொறுத்திருக்கிறது என்றால், அதே வழியில் பிரசவ வேதனையுற்ற பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் எவ்விதம் கொண்டுவருவது என்று கேட்டவர்கள் குறைவு.

இம்மக்களுக்கென்று ஓர் ஊராட்சி முறை பழமையாக இருந்து வந்திருக்கிறது. ஊர்த்தலைவருக்கு மூட்டுக்காணி என்று பெயர். ஊரைக் கூட்டி அழைப்பவர் விளிகாணி. நோய் தீர்ப்பவரும் தெய்வ காரியம் பார்ப்பவரும் பிலாத்தி. இரும்பாலான கொக்கரையை உரசி ஒலியெழுப்பி இரவு முழுவதும் சாற்றுப்பாட்டுப் பாடிப் பிணி போக்குவது அவர்கள் வழக்கம். இவர்களை நாகரிகம் அறியாதவர் என்று சொல்லுவோர், ஊர்க்கூட்டம் கூடி நியாயம் பேசும் வழக்கத்தை நம் சமவெளிக் கிராமங்கள் எவ்வளவு தூரம் காப்பாற்றியிருக்கின்றன என்று முதலில் சொல்லட்டும்.

விளைவும் விலையும்

முற்காலத்தில் காணிகள் காட்டை வெட்டி எரித்து, இடம் மாறி மாறிப் பயிர் செய்தார்கள். ரிசர்வ் காட்டுச் சட்டங்கள் வந்த பின்னர் அது நின்றது. இருந்த இடத்திலேயே நிலைத்து மரச்சீனிக் கிழங்கு, மிளகு, வாழை, பலா முதலியவற்றைப் பயிரிடலானார்கள். காட்டிலிருந்து தேன் எடுப்பதும் உண்டு. மரச்சீனி இவர்களுடைய முக்கிய உணவு. திருவாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா (1880–1885) ஆதரித்துப் பரப்பிய அந்தக் கிழங்கு, மழையை மட்டும் நம்பிய மலைச்சரிவிலும் வளரும். ஆனால் காட்டுப்பன்றிக்கும் அது மிகவும் பிடித்தமானது. பல மாதம் உழைத்து வளர்த்த கிழங்கை ஒரே இரவில் பன்றிக்கூட்டம் கிளறிவிட்டுப் போகும். இரவெல்லாம் காவலிருப்பதும் இங்கே விவசாயத்தின் ஒரு பகுதியே.

விளைந்ததை விற்பது அடுத்த கஷ்டம். தோண்டி எடுத்த மரச்சீனி 2, 3 நாளுக்குமேல் தாங்காது. கறுத்து அழுகத் தொடங்கும். தலைச்சுமையாகக் கொண்டுவந்தவன் அன்றைக்கே விற்றாக வேண்டும். வாங்குகிறவன் அவசரப்பட வேண்டியதில்லை. அவசரமுள்ளவனுக்கும் அவசரமற்றவனுக்கும் நடக்கும் பேரத்தில் யார் வெல்வார் என்று சொல்லத் தேவையில்லை. மிளகின் கதை வேறு. 3 கிலோ பச்சை மிளகைக் காயவைத்தால் ஏறத்தாழ 1 கிலோ கருமிளகு கிடைக்கும். காய்ந்த மிளகு கெடாது, கனமும் குறைவு, நல்ல விலை வரும்வரை வைத்திருக்கலாம். ஆனால் வைத்திருப்பதற்குக் கையில் கொஞ்சம் பணமும், நனையாத கிட்டங்கியும் வேண்டும். கடன் வாங்கலாம் என்றால் பாங்க் நிலப்பத்திரம் கேட்கிறது. நிலப்பத்திரம் இல்லாதவன் வியாபாரியிடமே முன்பணம் வாங்குகிறான். காய்க்கும் முன்பே கொடி மிளகு விலையாகிவிடுகிறது. விசாரித்துப் பார்த்தால் எல்லாக் கஷ்டமும் ஒரே இடத்தில் வந்து முடிகிறது. அது நில உரிமை.

மாஞ்சோலை கற்பிக்கும் பாடம்

நில உரிமையில்லாத மலைவாழ்வு எப்படி முடியும் என்பதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. இதே மலைத்தொடரில், மணிமுத்தாற்றுக்கு மேலே, மாஞ்சோலை இருக்கிறது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன்தாரிடமிருந்து பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி 8,300 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்ற ஊர்கள் தோன்றின. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஏழை மக்கள் மலையேறிச் சென்று, குளிரிலும் அட்டைக்கடியிலும் காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கினார்கள். 1952-ல் ஜமீன் சர்க்கார் வசமாயிற்று. குத்தகை மட்டும் தொடர்ந்தது. 1999 ஜூலை 23-ஆம் தேதி அத்தொழிலாளருக்காகக் கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலியில் சென்ற ஊர்வலத்தின்மேல் போலீஸார் தடியடி நடத்தினர். ஒரு குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். அந்த நாளை இந்த ஜில்லா மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

குத்தகை முடிவதற்கு முன்னரே, 2024-ல், கம்பெனி தோட்டத்தை மூட முன்வந்து, 500-க்கு மேற்பட்ட தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு என்ற பெயரால் விடைகொடுத்தது. சர்க்காரின் தேயிலைக் கழகமே தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற தொழிலாளரின் கோரிக்கையை அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை; அவர்களுக்கு மறுவாழ்வு உதவிகள் செய்யுமாறு சர்க்காருக்குச் சொல்லிற்று. நாலு தலைமுறை அந்த மலையிலே பிறந்து வளர்ந்த மக்களுக்கு, அங்கே ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை என்பது அன்று தெளிவாயிற்று. வீடு கம்பெனியுடையது, மலை சர்க்காருடையது, உழைப்பு மட்டுமே அவர்களுடையது. காணிகளின் நிலைமை இதனின்றும் வேறானது. அவர்கள் யாருக்கும் கூலியாட்களாக மலையேறி வந்தவர்கள் அல்லர். ஆயினும் உரிமை எழுத்தில் இல்லாதவரை, ஓர் உத்தரவு இருவரையும் ஒரே விதமாக நடத்த முடியும். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அகஸ்தியமலைப் பிரதேசத்தில் காட்டுக்குப் புறம்பான காரியங்கள் எங்கெங்கே நடக்கின்றன என்று அளந்தறியும்படி உத்தரவிட்டது. ஆக்கிரமிப்பாளன் யார், ஆதிக்குடி யார் என்று காகிதத்தில் பிரித்துக் காட்டுவது இப்போது மிகவும் அவசரமான காரியம்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடியினருக்கு நெடுங்காலமாக இழைக்கப்பட்டது அநீதி என்பதைத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்ளுகிறது. 2005 டிசம்பர் 13-ஆம் தேதிக்கு முன்னரே பழங்குடியினர் பயிரிட்டு வந்த நிலத்தை, 4 ஹெக்டேருக்கு மேற்படாமல், அவர்களுக்கே உரிமையாக்குகிறது. அந்த உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும். பிள்ளைகளுக்குச் சேரும், பிறருக்கு விற்க முடியாது. லேவாதேவிக்காரன் கையில் நிலம் போகாமல் இது காக்கும். தேன் முதலிய சிறு வனப்பொருள்களின் உடைமையும் ஊருக்கே. பள்ளி, வைத்தியசாலை, குடிநீர், பாதை முதலியவற்றுக்காக, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான இடத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் சிபாரிசின்பேரில் அளிக்கலாம் என்றும் சட்டம் இடந்தருகிறது.

இத்தகைய சட்டம் இருந்தும், தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரங்கள் வழங்குவது நீதிமன்ற வழக்கினால் பல வருஷம் தடைப்பட்டுக் கிடந்தது. 2016-ல் தடை நீங்கியது. தடை நீங்கியதோடு நம் கவலையும் நீங்கிவிட்டதாக எண்ணலாகாது. வீடிருக்கும் மனைக்கு மட்டும் பத்திரம் கொடுத்துவிட்டுக் கிழங்குத் தோட்டத்தை விட்டுவிட்டால் அது உரிமையாகாது. தனி உரிமையைத் தந்து, ஊருக்குப் பொதுவான வன உரிமையை நிறுத்தி வைத்தாலும் சட்டம் அரைகுறையே. கிராம சபை எங்கோ தூரத்து ஆபீஸில் கூடுவதும் சபையாகாது; அந்தக் குடியிருப்பிலேயே, பெண்களும் அமர்ந்திருக்க, அது கூட வேண்டும். 2013-ல் ஒரிஸ்ஸாவின் நியம்கிரி மலையிலே 12 கிராம சபைகள் கூடித் தங்கள் மலையைச் சுரங்கத்துக்குத் தரமாட்டோம் என்று தீர்மானித்தன. மத்திய சர்க்கார் அதற்குத் தலைவணங்க நேர்ந்தது. ஒரு சிற்றூர்ச் சபையின் வலிமை அத்தகையது.

புலியும் மனிதனும்

களக்காடு-முண்டந்துறை, 1988 முதல் புலிகள் காப்பகம், தமிழ்நாட்டில் முதலாவது. ஆகவே மனிதர் வெளியேறினால்தான் காடு பிழைக்கும், காடு பிழைத்தால்தான் நதி பிழைக்கும் என்று வாதிப்போர் உண்டு. நதியின்மேல் அவர்களுக்குள்ள கவலை நமக்கும் உண்டு. மேலே காடு அழிந்தால் கீழே பிசானம் இல்லை. ஆனால் காட்டுக்கு யாரால் கேடு வந்தது என்று பார்க்க வேண்டாமா? பல்லாயிரம் ஏக்கர் சோலையைத் தேயிலையாக்கியது காணியல்லவே. பள்ளத்தாக்கை அணைநீரில் மூழ்கடித்ததும் காணியல்லவே. காட்டுத்தீ எங்கே எழுந்தது, வேட்டைக்காரன் எவ்வழியே நுழைந்தான் என்று முதலில் அறிகிறவர் அங்கேயே குடியிருப்பவர்தாம்.

அவர்களுடைய அறிவின் விலையை ஒரு வரலாறு காட்டும். 1987-ல் மலைக்கு அப்பால், கேரளப் பகுதியில், ஆராய்ச்சியாளருக்கு வழிகாட்டிச் சென்ற காணி இளைஞர்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்து ஜீவனி என்ற மருந்து உண்டாயிற்று. 1995-ல் அதன் உரிமம் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு அளிக்கப்பட்டது. பாதிப் பங்கு காணிகளுக்கு என்று ஏற்பாடாகி, 1997-ல் அவர்களுக்கென ஒரு டிரஸ்டும் அமைந்தது. உலகமே மெச்சிய ஏற்பாடு அது. ஆனால் அச்செடியை ரிசர்வ் காட்டில் வளர்க்கவும் பறிக்கவும் அனுமதி கிடைப்பதில் வந்த தொல்லையால் மருந்து உற்பத்தி தடுமாறிற்று. அறிவு காணியுடையது, அதற்குப் பங்கும் உண்டு, கால் ஊன்றும் மண்ணில் மட்டும் உரிமை போதவில்லை.

கடல் கடந்த இந்தோனேசியாவிலும் மலைக்கிராமத்து விவசாயிகள் இதே வழக்கை நடத்தினார்கள். டச்சுக்காரர் காலத்திலும், சுதந்திரம் பெற்ற பின்னரும், அவர்களுடைய காடுகள் சர்க்கார் காடுகளாகவே கணக்கிடப்பட்டன. 2013 மே மாதத்தில் அந்நாட்டு அரசியற்சட்ட நீதிமன்றம், வழக்காற்றுச் சமூகங்களின் காடு சர்க்கார் காடன்று என்று தீர்ப்புக் கூறிற்று. தீர்ப்புக்குப் பின் எல்லை அளந்து ஒப்படைக்கும் வேலை அங்கும் மெதுவாகவே நகர்ந்தது. மக்கள் விழிப்பாக இல்லாத இடத்தில் நல்ல தீர்ப்பும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

செய்ய வேண்டியது

காணி இளைஞர்கள் இனி எங்கே வாழ்வார்கள்? காரையாற்றில் பழங்குடி மாணவர்க்கெனச் சர்க்கார் உறைவிடப் பள்ளி இருக்கிறது. படித்த பிள்ளைகள் சமவெளியில் வேலை தேடுவது இயல்பு. அதைத் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. போக விரும்புகிறவன் போகட்டும். ஆனால் இருக்க விரும்புகிறவன் நோய்க்கும் பசிக்கும் அஞ்சி ஓடும்படி செய்வது, கையைப் பிடித்து வெளியேற்றுவதற்குச் சமானமே.

ஆகவே ஜில்லா அதிகாரிகளை நாம் கேட்பவை நான்கு. ஒவ்வொரு காணிக் குடியிருப்பிலும் கிராம சபையைக் கூட்டி, பயிரிடும் நிலம் முழுவதையும் அளந்து பத்திரம் கொடுக்க வேண்டும். ஊரின் பொது வன உரிமையை எல்லை குறித்து எழுத வேண்டும். மழைக்காலத்திலும் நிற்காத படகும், நாள் குறித்து வரும் வைத்தியரும் இஞ்சிக்குழிக்கு வேண்டும். மிளகு காயவைக்கவும் சேமிக்கவும் காரையாற்றில் ஒரு கிட்டங்கியும், காணிகளே நடத்தும் கூட்டுறவு விற்பனையும் வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. கோடி கோடியாகப் பணமும் தேவையில்லை.

அதிகாரிகளை மட்டும் கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்கலாகாது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆயிரக்கணக்கில் போகிறோம். ஆற்றில் மூழ்கி எழுந்து பாபம் தீர்ந்ததென்று திரும்புகிறோம். கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் மக்களின் மனு எந்த ஆபீஸில், எந்த மேஜையின்மேல் கிடக்கிறது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. தேசத்தொண்டர் என்று பெயர் சொல்லிக்கொள்ளும் இளைஞர்கள் அந்த மனுவைத் தேடிப் பிடிக்கட்டும். சட்டப்பிரிவுகளை எளிய தமிழில் எழுதி எடுத்துச் செல்லட்டும். அளவு வேலை நடக்கும் நாளில் கூட நிற்கட்டும். மேலே உள்ளவன் உரிமையோடு வாழ்ந்தால்தான் கீழே உள்ளவனுக்குத் தண்ணீர் நிச்சயம். தாமிரபரணிக் கரையில் ஒரு காணி நிலம் உள்ளவர் ஒவ்வொருவரும் இதைத் தம் சொந்த வழக்காகவே கருத வேண்டும்.