தறிக்கு அட்வான்ஸ் கொடுத்தா ஆளையே வாங்கின மாதிரியா? ஆரணி பட்டும் கொத்தடிமைச் சட்டமும் - முழு விளக்கம்

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ஆரணி பட்டுக்கடைகளில் கூட்டம் அலைமோதும். திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள இந்த ஊரின் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. சேலையின் விலை, ஜரிகை, எடை எல்லாம் கேட்டு வாங்குகிறோம். ஆனால் நெய்தவருக்கு வேறு முதலாளியிடம் போகும் சுதந்திரம் இருந்ததா என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

"கொத்தடிமை எல்லாம் செங்கல் சூளையிலதானே?" என்று நினைக்கலாம். இல்லை. தறி வீட்டுக்குள்ளேயே இருந்தாலும், ஒரு அட்வான்ஸ் தொகை ஆளைக் கட்டிப்போட முடியும். சின்ன ஜவுளி முதலாளிகளும் நெசவாளர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் இது.

நெசவில் அட்வான்ஸ் எப்படி வருகிறது?

முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார். நெசவாளர் வீட்டில் நெய்து கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. இடையில் பிள்ளைக்கு ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, தறி ரிப்பேர் என்று ஏதாவது வரும். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் வேலையே நின்றுவிடும். அப்போது கை நீட்டுவது முதலாளியிடம்தான்.

இதுவரை தப்பு எதுவும் இல்லை. அட்வான்ஸ் கொடுப்பது குற்றமும் இல்லை, வாங்குவது குற்றமும் இல்லை.

அப்போ எது குற்றம்?

கொத்தடிமை முறை (ஒழிப்பு) சட்டம், 1976 இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாங்கிய கடனுக்காகவோ அட்வான்ஸுக்காகவோ ஒருவர் வேலை செய்யும்போது, கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும்:

• கூலியே இல்லை, அல்லது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கிடைக்கிறது

• "கடனை அடைக்காம வேற முதலாளிகிட்ட போகக் கூடாது" என்ற தடை

• விருப்பம்போல ஊர் விட்டுப் போக முடியாத நிலை

• தன் உழைப்பில் உருவான பொருளைச் சந்தை விலைக்கு விற்க முடியாத நிலை

"நான் அடிக்கலையே, பூட்டி வைக்கலையே" என்ற பதில் செல்லாது. சங்கிலி இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசமைப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்று, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஓர் உதாரணம் பார்ப்போம்

ஒருவர் 50,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சேலைக் கூலியிலும் முதலாளி பிடித்தம் செய்கிறார். ஆனால் கணக்கு நோட்டு முதலாளியிடம் மட்டுமே இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து, "இன்னும் 60,000 பாக்கி" என்கிறார். வேறு முதலாளி கூடுதல் கூலி தரத் தயாராக இருந்தாலும் இவரால் போக முடியவில்லை. அல்லது அந்தப் புது முதலாளி பாக்கியைக் கட்டிவிட்டு ஆளைத் தன் பக்கம் மாற்றிக்கொள்கிறார். முதலாளி மாறினாலும் கட்டு அப்படியேதான் இருக்கிறது.

கடன் என்ன ஆகும்? தண்டனை என்ன?

பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான். அது கொத்தடிமைக் கடன் என்றால், திருப்பிக் கொடுக்க வேண்டியதே இல்லை. ரத்தான கடனுக்குப் பணம் வாங்குவதே தனிக் குற்றம். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், "இல்லை" என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர்தான். கொத்தடிமையாக வேலை வாங்கினால் 3 ஆண்டுகள் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம்.

மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். மத்திய அரசுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. மறுவாழ்வுத் தொகை 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை. ஆனால் இந்தப் பெரிய தொகை, வழக்கில் தண்டனை உறுதியாவதோடு இணைக்கப்பட்டிருப்பதால் கைக்கு வரத் தாமதமாகிறது.

பிள்ளைகள் தறியில் உதவலாமா?

கோர்வைச் சேலை நெய்ய நெசவாளருக்குத் துணையாக இன்னொரு கை வேண்டும். ஒரு காலத்தில் அந்தக் கை பெரும்பாலும் குழந்தையின் கையாகவே இருந்தது. காஞ்சிபுரம் வட்டாரத் தறிகளிலும், கர்நாடகத்தின் ராமநகரம், மாகடி பகுதிப் பட்டு நூல் கூடங்களிலும் கடனுக்காகக் குழந்தைகள் வேலை செய்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் அறிக்கையாகவே வெளியிட்டது.

இன்றைய சட்டப்படி 14 வயதுக்குக் கீழ் உள்ளவரை வேலைக்கு வைக்கக் கூடாது. "குடும்பத் தொழில்தானே, ஸ்கூல் விட்டு வந்து உதவட்டும்" என்பார்கள். குடும்பத்துக்கு உதவ விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் வருமானம் தரும் உற்பத்தி வேலையின் எந்தக் கட்டத்திலும் குழந்தையை உட்கார வைக்கக் கூடாது என்கின்றன 2017 விதிகள். அப்பாவின் அட்வான்ஸுக்காகப் பிள்ளை தார் சுற்றினால், அதை உதவி என்று சொல்ல முடியாது.

சின்ன முதலாளி என்ன செய்யணும்?

பத்துத் தறிக்குப் பாவு கொடுக்கும் முதலாளிக்கு வக்கீல் வைத்துக் கொள்கை எழுத வசதி இருக்காது. ஆனால் இதெல்லாம் செய்யலாம்:

1. அட்வான்ஸுக்குத் தனி நோட்டு, கூலிக்குத் தனி நோட்டு. தமிழில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதி நெசவாளர் கையில் இருக்கட்டும்.

2. பிடித்தம் போகக் கையில் கிடைக்கும் தொகை குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்கக் கூடாது.

3. "எப்போ வேணும்னாலும் வேற இடம் போகலாம்" என்று வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதியும் கொடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, ஏடிஎம் கார்டை வாங்கி வைக்காதீர்கள்.

4. இன்னொரு முதலாளியின் பாக்கியைக் கட்டி ஆளை வாங்காதீர்கள்.

5. நூல் முறுக்கும் கூடம், சாயப்பட்டறை என்று யாரிடம் வேலை கொடுத்தாலும், சொல்லாமல் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். யார் வேலை செய்கிறார்கள், எங்கே தங்குகிறார்கள், கூலி யார் கைக்குப் போகிறது என்று அவர்களிடமே பேசுங்கள்.

6. குழந்தை வேலை செய்வதைப் பார்த்தால் ஆர்டரை மட்டும் நிறுத்திவிட்டுக் கண்டுகொள்ளாமல் போகாதீர்கள். அந்தக் குழந்தை வேறு கூடத்துக்கு மாற்றப்படலாம். முதலில் 1098-க்குத் தகவல் சொல்லுங்கள்.

வெளிநாட்டுச் சட்டம் நமக்கு எதுக்கு?

ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ள, பிரிட்டனில் தொழில் செய்யும் நிறுவனங்கள், நவீன அடிமைத்தனத்தைத் தடுக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். 2015 முதல் இது அங்கே சட்டம். கட்டாய உழைப்பில் உருவான பொருளை விற்கவே ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டிருக்கிறது. அது 2027 டிசம்பரில் அமலுக்கு வருகிறது. நாளைக்கு ஏற்றுமதி ஆர்டர் கேட்டுப் போகும் ஆரணி வியாபாரியிடம் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.

யாரிடம் புகார் சொல்வது?

கொத்தடிமை முறையை ஒழிக்கும் பொறுப்பை மாவட்ட நிர்வாகத்திடம்தான் சட்டம் கொடுத்திருக்கிறது. ஆரணி வருவாய் கோட்டாட்சியர் அலுவலகத்திலோ, திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. கடன்தான் பிரச்சினை என்றால், கைத்தறி நெசவாளர்களுக்கு 6 சதவீத வட்டியில் முத்ரா கடன் கிடைக்கிறதா என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் நெசவாளர் என்றால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு, இதுவரை பிடித்தது எவ்வளவு என்று உங்கள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு அதிகாரி முன்னால் நின்று பேச வேண்டி வந்தால், கையில் அந்த நோட்டு இருக்கும்.