சிவப்பு இறைச்சியும் குழந்தைப் பருவ உடற்பருமனும்

சிவப்பு இறைச்சி என்பது ஆடு, மாடு, பன்றி போன்ற பாலூட்டி விலங்குகளின் தசை இறைச்சியைக் குறிக்கும். தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதமே இதற்குச் சிவப்பு நிறத்தைத் தருகிறது. கோழியும் மீனும் இவ்வகையில் சேர்வதில்லை. வளரும் குழந்தைகளுக்குத் தேவையான பல சத்துகள் இதில் உள்ளன. எனினும் இது எடையைக் கூட்டிவிடுமோ என்ற ஐயம் பெற்றோர் பலரிடம் காணப்படுகிறது.

உடற்பருமனின் அளவு

உலக சுகாதார அமைப்பின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் மிகை எடை கொண்டிருந்தனர். அவர்களுள் 16 கோடிப் பேர் உடற்பருமன் உடையவர்கள். உணவின் மூலம் கிடைக்கும் ஆற்றல், உடல் செலவிடும் ஆற்றலைவிட நெடுநாள் மிகுந்திருப்பதே இதன் அடிப்படை. மரபு, உறக்கக் குறைவு, விளையாட்டின்மை ஆகியவையும் இதற்குத் துணைபோகின்றன.

இறைச்சியின் சத்துகள்

சிவப்பு இறைச்சியில் தரமான புரதம், துத்தநாகம், வைட்டமின் பி12, இரும்புச்சத்து ஆகியவை உள்ளன. இதிலுள்ள ஹீம் வகை இரும்பை, கீரை, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்பைவிட உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்கிறது. இந்தியாவில் 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தசோகைக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் இரும்புக் குறைபாடு முக்கியமானது. எனவே எடைக்கு அஞ்சி இறைச்சியை அடியோடு நிறுத்தினால், வேறு வழியில் இரும்பை ஈடுசெய்ய வேண்டும்.

எடை கூடுவது எப்படி

ஒரு கிராம் புரதம் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன. ஆகவே கொழுப்பு மிகுந்தால் கலோரியும் மிகும். கொழுப்பு குறைந்த பச்சை வெள்ளாட்டிறைச்சி 100 கிராமில் சுமார் 110 கலோரி உள்ளது. 30 விழுக்காடு கொழுப்புள்ள, கொத்திய மாட்டிறைச்சி 100 கிராமில் சுமார் 330 கலோரி உள்ளது. இரண்டும் சிவப்பு இறைச்சிதான்; ஆற்றலோ மூன்று மடங்கு வேறுபடுகிறது. எண்ணெயில் பொரித்தால் அது மேலும் கூடும்.

சாசேஜ், பேக்கன், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சிகளில் உப்பு மிகுதி. பலவற்றில் கொழுப்பும் மிகுதி. 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இவற்றைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற் பிரிவில் சேர்த்தது.

ஆய்வுகளின் எல்லை

இறைச்சி மிகுதியாக உண்ணும் குழந்தைகள் பலர் உருளைக்கிழங்கு வறுவலையும் இனிப்புப் பானங்களையும் சேர்த்தே உட்கொள்கின்றனர். அதனால் எடை கூடியதில் இறைச்சியின் பங்கை மட்டும் பிரித்தறிவது கடினம். ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், புரதம் மிகுந்த புட்டிப்பால் பெற்ற குழந்தைகளிடையே ஆறு வயதில் உடற்பருமன் கூடுதலாக இருந்தது. ஆனால் அது பால் புரதம் பற்றிய ஆய்வு. இறைச்சிக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள முடியாது.

பள்ளி உணவில் ஒரு முன்மாதிரி

இங்கிலாந்தில் 2015 முதல் நடைமுறையிலுள்ள பள்ளி உணவு விதிகள், வாரத்தில் மூன்று நாள்களாவது இறைச்சியோ கோழியோ வழங்கச் சொல்கின்றன. அதே விதிகள் பர்கர், சாசேஜ் போன்ற இறைச்சித் தயாரிப்புகளைத் தொடக்கப் பள்ளியில் வாரம் ஒருமுறைக்கும், மேல்நிலைப் பள்ளியில் இருமுறைக்கும் மேல் வழங்கக்கூடாது என்கின்றன. இறைச்சி வேறு, இறைச்சித் தயாரிப்பு வேறு என்ற பாகுபாடு இதில் தெளிவாக உள்ளது.

வீட்டு உணவில் கவனிக்க வேண்டியவை

- கண்ணுக்குத் தெரியும் கொழுப்பை நீக்கிவிட்டுச் சமைத்தல்.
- பொரிப்பதற்குப் பதிலாகக் குழம்பாகவோ வேகவைத்தோ தருதல்.
- குழந்தையின் வயதுக்கேற்பச் சிறிய அளவில், காய்கறியுடன் பரிமாறுதல்.
- இறைச்சி உண்ணாத குடும்பங்களில் பயறு, கீரை ஆகியவற்றுடன் நெல்லிக்காய், எலுமிச்சை போன்றவற்றைச் சேர்த்தல். இவற்றிலுள்ள வைட்டமின் சி, இரும்பு உடலில் சேர உதவும்.

குழந்தையின் எடை வேகமாகக் கூடினால், ஓர் உணவை மட்டும் குறைகூறாமல், முழு உணவுப் பழக்கத்தையும் விளையாடும் நேரத்தையும் கவனித்து மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது நல்லது.