சோயாமீற் எதைத் தரும், எதைத் தராது?

நிந்தவூர் வயலும் கடலும் சேர்ந்த ஊர். சோறு வயலிலிருந்தும் கறி கடலிலிருந்தும் வந்தது. ஆனால் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் வள்ளங்கள் கரையேறிவிடும். சந்தையில் மீன் குறையும், விலை ஏறும். ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்ட பின்னர் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடலரிப்பு கரையை விழுங்கத் தொடங்கியதால், தோணிகளை ஏற்றி வைக்கவும் இடம் சுருங்கியது. மீன் வாங்க முடியாத நாட்களில் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பொருள் சோயாமீற்.

வடக்குக் கிழக்கில் பலருக்கு இது முகாமை நினைவூட்டும் சாப்பாடு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் பாடசாலைகளில் தங்கியிருந்தவர்களுக்கும், 2009இல் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டவர்களுக்கும் சோறு, பருப்பு, சோயாமீற் என்பது அலுத்துப்போன வரிசை. பின்னர் 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. முகாமையே காணாத குடும்பங்களும் மீனையும் இறைச்சியையும் குறைத்துச் சோயாமீற்றுக்கு மாறின.

ஆகவே இது பசிக்காகச் சாப்பிடும் வெறும் சக்கையா, அல்லது உண்மையில் போசாக்குள்ள உணவா என்ற கேள்வி பலருக்கும் உரியது. சுருக்கமான பதில்: புரதத்தைப் பொறுத்தவரை இது நல்ல உணவு. மீன் தரும் மற்றச் சத்துகளைப் பொறுத்தவரை இது மீனுக்கு ஈடாகாது.

எப்படித் தயாராகிறது?

சோயா அவரையிலிருந்து எண்ணெய் எடுத்த பின் எஞ்சும் மாவே இதன் மூலப்பொருள். அந்த மாவை நீருடன் குழைத்து, அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் இயந்திரத்தின் சிறு துவாரம் வழியாகத் தள்ளுவார்கள். வெளியே வரும்போது அழுத்தம் சட்டெனக் குறைவதால் அது பொங்கி, இறைச்சி நார்போன்ற பஞ்சுத்தன்மையைப் பெறுகிறது. 1960களில் அமெரிக்காவில் இந்த முறை தொழில்முறையாக வளர்ந்தது. முதலில் இது இறைச்சிக்கு மாற்றாக அல்ல, அரைத்த இறைச்சியுடன் கலந்து அளவைக் கூட்டும் பொருளாகவே பெரிதும் பயன்பட்டது. 1971இல் அமெரிக்கப் பாடசாலை மதிய உணவில், ஊறவைத்த சோயாவை இறைச்சியுடன் 30 சதவீதம் வரை கலக்க அனுமதி வழங்கப்பட்டது.

புரதக் கணக்கு

உலர்ந்த சோயாமீற்றில் ஏறத்தாழ பாதி புரதம். அதாவது 100 கிராமில் சுமார் 50 கிராம். மீனிலும் கோழியிலும் மாட்டிறைச்சியிலும் இது 20 கிராம் அளவில் இருக்கும். இதைப் பார்த்து "இறைச்சியைவிட இரண்டரை மடங்கு" என்று சொல்வது சரியல்ல. உலர்ந்த பொருளையும் ஈரமான பொருளையும் ஒப்பிடக் கூடாது. ஊறியதும் சோயாமீற் இரண்டு, மூன்று மடங்கு எடையாகிறது. அப்போது 100 கிராமில் எஞ்சுவது ஏறத்தாழ 17 கிராம் புரதம். இறைச்சியைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

ஒரு வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 90 கிராம் சோயாமீற்றை ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 9 கிராம் புரதம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 42 கிராம். அவர் நாள் முழுவதும் 300 கிராம் அரிசியின் சோறு சாப்பிட்டால் 20 கிராம் வரும். ஒரு கைப்பிடிப் பருப்பில் 7 கிராம். சோயாமீற்றையும் சேர்த்தால் 36. மிகுதி 6 கிராமை ஒரு முட்டை நிரப்பிவிடும். ஆனால் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும்.

புரதத்தின் தரமும் நன்று. உடலால் தானே ஆக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் அனைத்தும் சோயாவில் உண்டு. அரிசியில் குறைவாக உள்ள லைசின் சோயாவில் நிறைய. சோயாவில் சற்றுக் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. சோறும் சோயாமீற்றும் ஒரே தட்டில் சேர்வது நல்ல இணை.

மீனில் உள்ளது, இதில் இல்லாதது

முதலாவது விற்றமின் பி12. குருதிக்கும் நரம்புக்கும் இன்றியமையாத இது தாவர உணவில் இல்லை. பக்கற்றில் சேர்க்கப்பட்டிருப்பதாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே உண்டு. 100 கிராம் சாளை மீன் ஒரு நாளின் தேவையைவிடக் கூடுதலாகவே தரும். இரண்டாவது, மீனெண்ணெயில் உள்ள ஒமேகா 3 கொழுப்பு. சோயாமீற்றில் எண்ணெயே எடுக்கப்பட்டுவிட்டது. மூன்றாவது விற்றமின் டி.

இரும்புச்சத்து காகிதத்தில் நிறைய இருக்கிறது: உலர்ந்த 100 கிராமில் 9 மில்லிகிராம் அளவு. ஆனால் சோயாவில் உள்ள பைற்றேற் என்ற பொருள் அதைப் பிடித்து வைப்பதால் உடலுக்குச் சேர்வது சிறு பங்கே. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் அதுவும் குறையும். கறியில் தேசிக்காய் பிழிந்துகொண்டால் உறிஞ்சல் கூடும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள்.

திரிபோஷவும் சோயா கலந்த உணவுதானே என்று சிலர் கேட்கலாம். 1973 முதல் தாய்மாருக்கும் சிறுவர்களுக்கும் வழங்கப்படும் திரிபோஷவில் சோளம், சோயா, பால்மா ஆகியவற்றுடன் விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்க்கப்படுகின்றன. அந்த இடத்தைச் சோயாமீற் நிரப்பாது.

சுவைத்தூளில் கவனம்

பக்கற்றுக்குள் வரும் கோழி, கணவாய்ச் சுவைத்தூளில் உப்பும் சுவையூட்டியும் அதிகம். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உயர் குருதி அமுக்கம் உள்ளவர் இருக்கும் வீட்டில் அந்தத் தூளைப் பாதியாக்குங்கள், அல்லது விட்டுவிட்டு வீட்டுக் கறித்தூளைப் போடுங்கள். சோயா தாவரம் என்றாலும் சுவைத்தூளில் என்ன சேர்ந்துள்ளது என்பது வேறு விடயம்; ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்குவது நல்லது. கொதிநீரில் ஊறவைத்து, பிழிந்து, இன்னொரு தரம் கழுவினால் பச்சை அவரை வாடையும் போகும். புரதம் பெரிதாகக் குறையாது.

சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்ற பயம் ஊரில் உண்டு. ஆண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வழமையான அளவில் ஆண் ஹோர்மோன் குறைந்ததாகக் காணப்படவில்லை. தைரொயிட் மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் சில மணித்தியால இடைவெளி விடவேண்டும். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

கலந்து சமைப்பதே சிறந்தது

மீனை முற்றாக நிறுத்திச் சோயாமீற்றுக்கு மாறுவதைவிட, இருக்கிற மீனையும் இறைச்சியையும் சோயாவால் கூட்டுவதே போசாக்கில் சிறந்த வழி. நோன்புக்குக் கட்லட், ரோல்ஸ் செய்யும் வீடுகளில் ஒரு கிலோ அரைத்த இறைச்சிக்குப் பதிலாக 700 கிராம் இறைச்சியும், ஊறவைத்துப் பிழிந்து உதிர்த்த 300 கிராம் சோயாவும் எடுக்கலாம். புரதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கொழுப்புக் குறையும், செலவும் குறையும். பி12உம் இரும்பும் இறைச்சியிலிருந்து வந்துசேரும். சோயாமீற் ஆணத்தில் ஒரு பிடி நெத்தலிக் கருவாட்டைப் போட்டாலும் இதே பயன். முள்ளோடு தின்பதால் கல்சியமும் கிடைக்கும். கருவாட்டை நன்றாகக் கழுவி, கறிக்கு வேறு உப்புப் போடாமல் விடுங்கள்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற எடையின்றியும் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றியும் இருந்தனர். நெருக்கடிக்கு முந்திய நிலை அது. உழைக்கும் துணையை இழந்து பெண்களே தாங்கும் குடும்பங்களில், சட்டியில் உள்ள மீன்துண்டு பிள்ளைக்குப் போய்த் தாய்க்குக் குழம்பு மட்டும் மிஞ்சுவது வழமை. சோயாமீற் அந்தத் தாயின் தட்டுக்கும் புரதத்தைக் கொண்டுவரும்.

வெள்ளத்துக்கும் இடப்பெயர்வுக்கும் நிவாரணப் பொதி கட்டும் பள்ளிவாசல்களும் கோயில்களும் சங்கங்களும் ஒன்றைக் கவனிக்கலாம். சோயாமீற் பக்கற்றுகளை மட்டும் அடுக்காமல், பொதிக்கு ஒரு ரின்மீனோ கொஞ்சம் நெத்தலியோ, நாலு தேசிக்காயும் சேருங்கள். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உள்ள வீடென்றால் முட்டையும் கொடுங்கள். பிள்ளையின் எடை கூடாமல் நின்றால் கடைப் பக்கற்றை நம்பியிராமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.